பாதியில் நிற்கும் கோடு

மே 7, திங்கள்

கத்திரி வெயில். மூன்று மணிவரை காற்றே இல்லை. அதற்குப் பிறகு வந்ததும் மீன் வாடையோடு. மை பிசுபிசுக்கிறது. கெரசின் தீர்ந்தது. ரப்பர் கட்டையின் விளிம்பு மழுங்கல், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் சீவிக்கொள்ள வேண்டும்.

நாலாம் படத்துக்கு மஞ்சள் கலந்தேன். முதல் தடவை சாம்பார். இரண்டாம் தடவை காமாலை. மூன்றாவது தேவலை.

பாஸ்டர் சம்சாரம் வந்தாள், மதினியைப் பார்க்கும் சாக்கில். குடோன் பின்னறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் எப்படிம்மா பண்ற?" மறுபடி அதே விளக்கம். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டவேண்டும். வேண்டாத இடத்தைக் காகிதம் ஒட்டி அடைக்கவேண்டும். மேலே மை ஊற்றி ரப்பர் கட்டையால் இழுத்தால், அடைக்காத இடத்தில் மட்டும் மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். "அப்போ புடவைல பூ போடலாம்." போடலாம். உன் வாய்க்குப் பூட்டும் போடலாம். சொல்லவில்லை.

போகும்போது மூன்றாம் முறையாக அதே பேச்சு. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் இடம் காலி, ஜூனில் சேரலாம். "தாமரை, கிளி, பூந்தொட்டி. இவ்வளவு சொல்லிக் குடுத்தா போதும்மா." நான் கிளி வரையமாட்டேன் என்றேன். சிரித்தாள், நான் வேடிக்கைக்குச் சொன்னதாக.

படங்கள், இன்றுவரை:

1. கருப்பு வட்டம். சிவப்பு முக்கோணம் அதைக் கிழிக்கிறது.
2. மூன்று நீலப் பட்டைகள். நடுப்பட்டை ஒரு நூல் கனம் அதிகம். யாருக்கும் தெரியாது.
3. சதுரத்துக்குள் சதுரம். சுமார். காலி இடம் நிரப்ப.
4. மஞ்சள் தரை. நுனி மேலும் கீழுமாகச் சாய்ந்து நிற்கும் வெள்ளைச் சதுரம். இடப்பக்கமிருந்து ஒரு கருப்புக் கோடு உள்ளே வந்து பாதியில் நிற்கிறது. இதற்காகத்தான் மற்றதெல்லாம்.
5. தலையில் இருக்கிறது.

சாப்பாட்டின்போது அண்ணன் கணக்காகச் சொல்லிவிட்டான். "ஏளா, ஒரு வருசமா அந்த ரூமை ஒனக்கு விட்டாச்சு. மிளகாய் வைக்க எடமில்லாம நான் அடுத்தவன் குடோனுக்கு அலையுதேன். சனிக்கிழமை அந்த ஹால்காரவுக ஒன் படத்தை எடுத்துக்கிட்டா ரூம் ஒனக்கு. இல்லன்னா மிளகாய்க்கு. நாலு பெரிய மனுசன் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கிடுதேன். எனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும் என்பதை அவன் ஒரு தகுதி போலச் சொல்வான்.

போன வருஷம் ஓவியக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது அந்த ஹால்காரர்கள் படங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இந்த வருஷமும் பார்க்காவிட்டால், ராயபுரத்தில் எனக்கு ஒரு சட்டம் நிறுத்த இடம் கிடையாது. வீட்டு மாடியில் மதினியின் வடகம்.


மே 8, செவ்வாய்

மை காயவில்லை. பின்னறையில் ஜன்னல் இல்லை, தாள் ஒன்றோடொன்று ஒட்டுகிறது. முன்குடோனில் மட்டும் மேலே காற்றுப்போக்கி. கப்பல் தாமதம், மூட்டை வர இரண்டு நாள் ஆகும் என்று அண்ணன் சொன்னான். அண்ணன் சொன்னதை நம்பினேன். எழுதி வைக்கிறேன், மறுமுறை நம்பாமல் இருக்க.

முன்குடோனில் அண்ணன் குறுக்கே கயிறு கட்டி ஒவ்வொரு முதலாளியின் மார்க்கையும் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். ரங்கூன்காரருக்கு வட்டத்துக்குள் முக்கோணம். கொழும்புக்காரருக்கு வெறும் டைமன், சீட்டுக்கட்டில் இருப்பது போல. பினாங்குக்காரருக்கு டைமன், குறுக்கே ஒரு கோடு. அதே மார்க் மூட்டைகளிலும் உண்டு. எந்த மூட்டை எந்தத் துணிக்குக் கீழே போகவேண்டும் என்பதைக் கூலியாட்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். சிறுமியிலிருந்து பார்க்கிறேன்.

துணிகளைக் கழற்றிவிட்டு என் படங்களை மாட்டினேன். துணிகளை மடித்துத்தான் வைத்தேன். பத்திரமாக.

எதிரே சைக்கிள் ரிப்பேர்க்காரன் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பட்டம் வுட போறியா?" என்றான். ஆமாம், உன் தலைமேல்.


மே 9, புதன்

நாசம்.

கப்பல் நேற்று இரவே வந்துவிட்டதாம். விடியுமுன் ரயிலடியிலிருந்து மிளகாய் மூட்டைகள் வந்திறங்கின. நான் எழுந்து போனபோது எல்லாம் அடுக்கி, வண்டியேற்றி, ஹார்பருக்கும் அனுப்பியாகிவிட்டது. என் படங்களுக்குக் கீழே.

விஷயம் இதுதான். மேஸ்திரி தேசப்பன் ஆட்களோடு உள்ளே வந்தார், மேலே பார்த்தார். வழக்கமான துணி இல்லை. "புச்சா மாத்திகீறாங்க போல" என்று முடிவு. வட்டமும் முக்கோணமும் உள்ள ரங்கூன் மூட்டையெல்லாம் என் முதல் படத்துக்குக் கீழே. அது சரியாகப் போயிற்று. டைமன் மூட்டைகளும், கோடு போட்ட டைமன் மூட்டைகளும்? கயிற்றில் டைமன் ஒன்றே ஒன்றுதான், என் நாலாம் படம். அதிலும் கோடு பாதியில் நிற்கிறது.

இதை வைத்து அவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். வெகுநேரம். வண்டிக்காரன் வந்து சொன்னான். ஒருவன் சொன்னானாம்: "கோடு போயிகினே கீது நைனா. இன்னும் பினாங்கு போய் சேரல, அவ்ளோதான்." இன்னொருவன்: "சேராத கோட்டுக்குப் பேரு கோடா? இது கொழும்பு தாண்டா." கடைசியில் மேஸ்திரி தீர்ப்பு: "த பாரு, பாதி கோடுன்னா கோடு கீறவனுக்கும் சொந்தம், இல்லாதவனுக்கும் சொந்தம். ரெண்டையும் இங்கயே போடு." ஒரே குவியல். குண்டு மிளகாய், சன்ன மிளகாய் எல்லாம் கலந்து மொத்தமாகப் பினாங்குக் கப்பல் ஷெட்டுக்கு.

அண்ணன் ஓடினான். ஷர்ட் பொத்தான் போடாமல், செருப்பில்லாமல். ஷெட்டில் மூட்டை மூட்டையாகப் புரட்டி மார்க் பார்த்துப் பிரித்து, மாலையில் திரும்பினான். முகம் பூரா மிளகாய் நெடி, கண் சிவந்து வீங்கி. என்னைப் பார்த்ததும் முதலில் தும்மல்தான் வந்தது. பிறகு:

"ஏளா, ஒனக்கு அறிவிருக்கா? மார்க்குத் துணியைக் கழத்தலாமாளா?"

"மடிச்சுத்தான் வச்சேன்."

"மடிச்சு வச்சியா! மடிச்சு வச்சாளாம்!" மதினியைப் பார்த்துக் கத்தினான், மதினி மடித்து வைத்ததைப் போல.

மேஸ்திரி வேறு வந்து நின்றார், குற்றம் அவருடையது இல்லை என்று நிலைநாட்ட. "இன்னாம்மா நீ? கோட்ட போட்டா முழுசா போடு. இல்லாங்காட்டி போடாத. நடுவுல நிறுத்தினா நாங்க இன்னாத்த கண்டோம்? பேஜாரா பூட்ச்சி பாரு."

கோடு நிற்கவேண்டிய இடத்தில்தான் நிற்கிறது என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஒரு மேஸ்திரி என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

நாலாம் படத்தின் மஞ்சள் ஈரத்தில் மிளகாய்த் தூள் ஒட்டிக் கிடக்கிறது. போயிற்று. மறுபடி அடிக்கவேண்டும். இருக்கும் நல்ல தாள் கொஞ்சம்தான்.

ஆனால் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு படத்துக்கு முன்னால் நின்று, கோடு ஏன் பாதியில் நிற்கிறது என்று. இதற்காகச் சந்தோஷப்படுகிறேன் என்றால் என் நிலைமை அவ்வளவு மோசம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சீ.


மே 10, வியாழன்

நாள் முழுக்க வேலை. நாலாம் படம் மறுபடி. பட்டில் மிளகாய்த் தூள் புகுந்து எரிகிறது. மதினி கெரசினில் துணி நனைத்துத் துடைத்துக் கொடுத்தாள், நான் கேட்காமலே. தும்மித் தும்மிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"அண்ணன் கோவம் ரெண்டு நாள்ல போயிரும். ரூமு போனா திரும்ப வராது. பாத்துக்க."

மதினி அண்ணனைவிடப் புத்திசாலி. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளாத அளவுக்குப் புத்திசாலி. பிறகு அதையும் கெடுத்தாள்: "ஒன்னப் பொண்ணு பாக்க யாராவது வந்தா மட்டும் இதையெல்லாம் காட்டிராத." என் வயதுக்கு இனி யார் வரப்போகிறார்கள்? வந்தால் நாலாம் படத்தைத்தான் முதலில் காட்டுவேன். ஓடுவதைப் பார்க்கலாம்.

கோடு ஏன் பாதியில் நிற்கிறது என்று எனக்காக எழுதி வைக்கிறேன். மறுபக்கம் போய்ச் சேர்ந்தால் அது வெட்டு. சதுரம் இரண்டு துண்டாகி முடிந்துபோகும். உள்ளே வந்து நின்றால்தான் சதுரத்துக்குப் பயம். இவ்வளவுதான்.

ஐந்தாம் படத்தைக் கைவிட்டேன். நாலு போதும். நல்லது ஒன்றுதான்.


மே 12, சனி

படங்களைத் தகரக் குழாயில் சுருட்டி டிராமில். குழாய் இடித்ததாக ஒரு கிழவர் சண்டை. பீரங்கியா என்றார்.

ஹால். மின்விசிறி. சுவரெல்லாம் மாட்டுவண்டி, மாட்டுவண்டி, குளத்தில் குடம் சுமக்கும் பெண், மறுபடி மாட்டுவண்டி. இந்த நகரத்தில் மாட்டுவண்டியில் மோதாமல் நடக்க முடியாது, அதைச் சுவரிலும் மாட்டி வைத்திருக்கிறார்கள். தேர்வுக் குழு மூன்று பேர். இருவர் வாயே திறக்கவில்லை, காபி குடிக்க மட்டும் திறந்தார்கள். பேசியவர் காரியதரிசி. (இனிமேல் கா. முழுதாக எழுதி மை வீணாக்க முடியாது.) வெள்ளை ஜிப்பா, கையில் மடித்த விசிறி, மயிலாப்பூர்.

நாலையும் மேஜையில் விரித்தேன். கா. குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"பேஷ்! கோலம்!"

எனக்கு விளங்கவில்லை.

"கோலம்தானே இது? நம்ம ஸ்திரீகள் கார்த்தால வாசல் தெளிச்சுப் போடறதையே நவீனமாப் பண்ணியிருக்கேள். ரொம்ப அழகு."

"இது கோலம் இல்ல சார். எங்க வீட்டு வாசல்ல கோலமே போட்டதில்ல. நாங்க கிறிஸ்தவங்க. எனக்குக் கோலம் போடவே தெரியாது."

"அதனாலென்ன? ரத்தத்துல இருக்குமோல்லியோ."

இன்னொருவர் காபியோடு தலையாட்டினார். ரத்தத்தில். எங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் கருப்பட்டி என்று சொல்லியிருப்பார்.

தீர்ப்பு: எடுத்துக்கொள்கிறார்கள். நாலையும் அல்ல, நாலாம் படத்தை மட்டும். மாட்டுவண்டிகள் உள்ள பெரிய ஹாலில் அல்ல. பக்கத்து அறையில், மாதர் கைவேலைப் பகுதியில். பெயர் "கோலம்". கடைசியாக ஒன்று:

"இந்தக் கோடு மட்டும் பாதியில நிக்கறது பாருங்கோ. மறந்துட்டேள் போலிருக்கு. கோலம்னா இழை அறுந்து நிக்கப்படாது, அபசகுனம். அதை முடிச்சு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்துடுங்கோ, மாட்டிடறேன்."

மறந்துவிட்டேனாம்.

நன்றி என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. நன்றி சார்.

டிராமில் அழுதேன். நிறைய. பக்கத்துப் பெண்மணி முந்தானையை நீட்டினாள், வாங்கித் துடைத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இன்று பார்த்த மனிதர்களில் அவள் ஒருத்திதான் தேவலை.


மே 13, ஞாயிறு

கோயில். பிரசங்கம் நீளம். வியர்வை. பாஸ்டர் சம்சாரம் வாசலில் பிடித்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டாங்களாமே! அண்ணன் சொன்னாரு. கோலமாமே!" ராயபுரம் பூரா சொல்லியிருக்கிறான். கோலம் போடாத வீட்டுப் பெண் கோலம் போட்டுப் பேர் வாங்கிவிட்டாள்.

அண்ணன் கறிக்குழம்போடு நல்ல மனநிலை. மிளகாய் விவகாரம் மறந்தாயிற்று. "எடுத்துக்கிட்டாவ, அது போதும். சொன்னா சொன்னதுதான், ரூம் ஒனக்கு. கைவேலையோ கால்வேலையோ, எங்க மாட்டுனா என்ன?"

"கோட்டை முடிக்கச் சொல்றாங்கண்ணே."

"முடியேன். ஒரு இழுப்பு. அன்னிக்கே முடிச்சிருந்தா எம் மூட்டை கலந்திருக்குமா?"

மதினி: "ஒரு கோடுதானளா. போட்டுட்டு ரூமைக் காப்பாத்திக்க. அப்புறம் உள்ள ஒக்காந்து ஒன் இஷ்டத்துக்கு நூறு கோடு நிறுத்திக்க. யாரு பாக்கப் போறா?"

யாரும் பார்க்கப் போவதில்லை. அதுதானே பிரச்னை, மதினி.

மதினி சொன்னதில் தப்பும் இல்லை. கோபம் எல்லார் மேலும். அதிகக் கோபம் அந்த நன்றி சார் மேல்.


மே 14, திங்கள்

முடித்தேன்.

காலையில் உட்கார்ந்து காகிதம் வெட்டினேன். கருப்புச் சட்டத்தில் கோட்டை மறுபக்கம் வரை நீட்டினேன். ஒரு தாள் அடித்தேன். அசிங்கமாக வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதுதான் கேவலம். பிஸ்கட் டப்பா மூடி மாதிரி லட்சணம்.

காயப்போட்டேன், பின்னறையிலேயே. மதினி வந்து பார்த்து, "இப்பத்தான் பாக்க நல்லாருக்கு" என்றாள். அண்ணன் எட்டிப்பார்த்து, "ம்". மேஸ்திரி தேசப்பன் பீடியோடு அந்தப் பக்கம் போனவர் நின்று, வாயெல்லாம் பல்லாக: "ஆங்! இது பினாங்கு. இப்ப கரீட்டு." மார்க்குத் துணியாகவே கொடுத்துவிடு, பழசு கிழிஞ்சு கீது என்றும் கேட்டார்.

மூட்டை தூக்குபவர், மிளகாய் விற்பவர், மயிலாப்பூர் ஜிப்பா, மதினி. உலகத்தில் எதிலும் ஒத்துப்போகாத நாலு பேர் இதில் ஒத்துப்போகிறார்கள். எல்லாருக்கும் திருப்தி. இத்தனை பேரை நான் திருப்திப்படுத்தியது இதுவே முதல் தடவை.

பழைய நாலாம் படத்தையும் பக்கத்தில் தொங்கவிட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முடிந்த கோட்டில் சதுரம் செத்துக் கிடக்கிறது. இது எனக்கு மட்டும் தெரிகிறதா, எனக்கு மட்டும் தெரிகிற பைத்தியமா? தலைவலி. இஞ்சி போட்டு டீ.


மே 15, செவ்வாய்

குழாயில் இரண்டு தாள். முடிந்தது, முடியாதது. எதைக் கொடுப்பது என்று டிராம் இறங்கும்வரை தெரியாது.

கா. வரவேற்றார். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். இடம் தயார். ஒரு பக்கம் பாசிமணியில் கோத்த கிளி. மறுபக்கம் குரோஷா நூலில் தாஜ்மகால். நடுவே காலி, ஆணி அடித்து, அதற்குக் கீழே அச்சடித்த அட்டை கூட ஒட்டியாயிற்று:

கோலம். திருமதி எஸ்தர். இல்லத்தரசி.

"எனக்குக் கல்யாணம் ஆகல சார்."

"ஓ. பரவாயில்லை, பார்க்கறவாளுக்குத் தெரியவா போறது?"

குழாயைத் திறந்தேன். முடிந்த கோடுதான் முதலில் வந்தது. விரித்தேன். கா. விசிறியால் தொடையில் தட்டினார். "பேஷ், பேஷ். பார்த்தேளா, இப்பத்தான் பூர்த்தியாச்சு. சொன்னதும் புரிஞ்சுண்டேள்."

அந்தக் கடைசி வார்த்தை இல்லாவிட்டால் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். அறை இருந்திருக்கும்.

தாளைச் சுருட்டினேன். மறுபடி குழாயில்.

"என்னம்மா?"

"குடுக்கல சார்."

"கோபமா? அட்டையை வேணா மாத்திடறேன். குமாரின்னு போட்டுடறேன்."

"அட்டைக்காக இல்ல சார். கோடு பாதியில நிக்கணும். அது கோலமும் இல்ல. பெரிய ஹால்ல மாட்டினா சொல்லுங்க, அந்தப் படத்தைத் தர்றேன். இல்லன்னா வேண்டாம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒரு குழந்தை மிட்டாய் வேண்டாம் என்று சொன்னதைப் போல் சிரித்தார். "உங்க அண்ணாவை ஒரு வார்த்தை கேட்டேளா? ஆத்துல கலந்துண்டு நாளைக்குச் சொல்லுங்கோ."

வெளியே வந்தேன். வீரமாக ஒன்றும் இல்லை. பசி. டிபன் சாப்பிட்டேன், இரண்டு தோசை. கெட்டிச் சட்னி.

இரவுச் சாப்பாட்டில் அண்ணனிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். மோர் ஊற்றிக்கொண்டான். "அப்பம் நாளைக்கு மூட்டையை ரூம்ல எறக்கச் சொல்லிருதேன்." அவ்வளவுதான். வார்த்தை மாறாதவன். அதைப் பெருமையாக நினைப்பவன். மதினி எனக்கும் மோர் ஊற்றினாள்.


மே 17, வியாழன்

அறை காலி. தேசப்பனும் இரண்டு ஆளும் மூட்டை அடுக்கினார்கள், குண்டு மிளகாய், கூரை வரை. என் சட்டங்கள், மை டப்பாக்கள், தாள், கயிறு எல்லாம் வீட்டு மொட்டைமாடியில். மதினி வடகத்தை ஓரமாகத் தள்ளிக் கொஞ்சம் இடம் செய்தாள். அங்கே உட்காரலாம். வேலை செய்ய முடியாது. பட்டில் காக்காய் எச்சம் விழுந்துவிட்டது, ஒரே நாளில்.

முடிந்த கோட்டுத் தாளை தேசப்பனிடம் கொடுத்தேன். மார்க்குத் துணிக்குப் பதில் மாட்டிக்கொள்ளட்டும். "பணம் எவ்ளோம்மா?" என்றார். போங்க என்றேன். பாசிமணிக் கிளிக்குப் பக்கத்தில் தொங்குவதைவிட மிளகாய்க்கு மேலே தொங்குவது கௌரவம்.

மத்தியானம் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன், நானாகவே. டிராயிங் டீச்சர் வேலைக்குச் சரி என்றேன். "தாமரை, கிளி, பூந்தொட்டி" என்று நானே சொன்னேன். பாஸ்டர் சம்சாரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாம்மா, கர்த்தர் வழி காட்டிட்டாரு." கர்த்தரை இதில் இழுக்கவேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கினேன். அதிரசம் கொடுத்தாள், அதையும் முழுங்கினேன்.

திரும்பும்போது மனசு சுருங்கிப்போய் இருந்தது. வாரம் ஐந்து நாள் கிளி. காலமெல்லாம் கிளி. என் கிளியைப் பார்த்து நாளை எந்தப் பெண்ணாவது மூக்கைச் சுருக்கினால் அவளுக்கு முதல் மார்க் போடுவேன்.


மே 19, சனி

மதினியைக் கூட்டிக்கொண்டு மூலக்கொத்தளம். அண்ணனிடம் துணிக்கடை என்று சொல்லியிருக்கிறாள் மதினி. பொய் சொல்லும்போது அவள் முகம் பத்து வயசு குறைகிறது.

டீச்சர் சம்பளத்தில் வாடகை கட்டுப்படியாகும் ஒரே இடம் அது. ஒற்றை அறை, ஓட்டுக் கூரை, இரண்டு பக்கமும் ஜன்னல். காற்று தாராளம். சாயங்காலம் பள்ளி விட்டதும் வந்து, இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டு மதில். அதனால்தான் இவ்வளவு நாளாக யாரும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரர், தலையில் துண்டு கட்டிய பெரியவர், நேர்மையான மனுஷன். எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"த பாரும்மா, அப்பால வந்து என்னைக் கேக்கக் கூடாது. எதிர்ல சுடுகாடு. தெனம் பொணம் வந்துகினே இருக்கும். மோளம் அடிப்பான், பட்டாஸ் வெடிப்பான், பூவ வாரி வாசல்ல வீசுவான். நல்ல வூட்டுப் பொண்ணு, பயந்துக்கப் போற."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்குள் ஜெபம்.

"அங்க வர்றவங்க யாராச்சும் உள்ள வந்து படத்தைப் பார்த்து, இங்க ஒரு கோடு விட்டுப்போச்சுன்னு சொல்வாங்களா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டாங்கம்மா."

"அப்ப சாவியைக் குடுங்க."